வரிசையும் குறியும்: குன்னத்துத் திண்ணையும் சீட்டுக்கட்டும்

நினைவாற்றலைப் பற்றி நம்மிடையே இரண்டு எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன. அது பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்பது ஒன்று. உருப்போடுகிறவனுக்குப் பொருள் விளங்காது, மனப்பாடம் அறிவுக்குப் பகை என்பது மற்றொன்று. ஒன்று மனப்பாடத்தை வானளாவ உயர்த்துகிறது. மற்றது மண்ணில் போட்டு மிதிக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. நினைவில் நிறுத்துவது ஒரு தொழில், அதற்கென்று கருவிகள் உண்டு, அந்தக் கருவிகளுக்கு ஒரு வரலாறும் உண்டு என்பதை இரண்டுமே பார்க்கத் தவறுகின்றன. அந்தக் கருவிகளில் தலையாயவை இரண்டு: வரிசையும் குறியும். பொருள்களை மாறாத ஒரு வரிசையில் நிறுத்துவது, ஒவ்வொரு பொருளும் தன் இடத்தைத் தானே சொல்லும்படி அதன் மேல் ஒரு குறியைப் பதிப்பது. 19ஆம் நூற்றாண்டில் குன்னம், அரியலூர் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கப்பட்ட முறையையும், சீட்டு வித்தைக்காரர்கள் ஒரு கட்டை மனத்தில் ஏற்றும் முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலில் சீட்டுக்கட்டு. 52 சீட்டுகளையும் முன்கூட்டியே ஒரு வரிசையில் அடுக்கி, அந்த அடுக்கு முழுவதையும் மனப்பாடம் செய்வது வித்தைக்காரர்களின் பழைய உத்தி. 17ஆம் இடத்தில் எந்தச் சீட்டு என்று கேட்டால் உடனே சொல்ல வேண்டும். ஸ்பேட் ராணி எத்தனையாவது இடம் என்று கேட்டாலும் உடனே சொல்ல வேண்டும். எண்ணிலிருந்து சீட்டுக்கும் சீட்டிலிருந்து எண்ணுக்கும் இருவழியிலும் மனம் ஓடினால்தான் அந்த அடுக்கு கைவந்தது என்று பொருள். இதனோடு சிலர் குறி வைத்த சீட்டுகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சீட்டின் முதுகிலுள்ள பூவேலையில் கண்ணுக்கு எளிதில் படாத ஒரு மாற்றம் இருக்கும். தெரிந்தவர் பார்த்தால் கவிழ்த்துக் கிடக்கும் சீட்டின் பெயரைப் படித்துவிடுவார். பார்வையாளர் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டால், அதற்கு மேலே இருந்த சீட்டின் முதுகை ஒரு கணம் பார்த்தாலே போதும். குறி அந்தச் சீட்டின் பெயரைச் சொல்லும். மனத்திலுள்ள வரிசை அதற்கு அடுத்ததன் பெயரைச் சொல்லும். உருவப்பட்ட சீட்டை வித்தைக்காரர் தொடவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். கற்கும் காலத்தில் இந்தக் குறிக்கு வேறொரு பயனும் உண்டு. மனம் தடுமாறும் இடத்தில் அது திருத்திக் கொடுக்கும். தவறு பழக்கமாக இறுகிப்போக விடாது.

இந்த உத்திக்கு 400 ஆண்டுக்கு மேற்பட்ட அச்சு வரலாறு இருக்கிறது. 1593இல் வெனிஸ் நகரில் வெளிவந்த ஹொராட்சியோ கலாசோவின் சிறு நூல், ஒழுங்கினாலும் நினைவினாலும் செய்யும் சீட்டு வித்தைகள் என்றே தன்னை அறிமுகம் செய்துகொண்டது. 1612இல் போர்ச்சுகலில் காஸ்பர் கார்டோசோ டி செக்கேரா ஒவ்வொரு சீட்டும் முந்தியதைவிட மூன்று கூடிவரும் அடுக்கு ஒன்றை எழுதிவைத்தார். அமெரிக்க வித்தைக்காரர் சை ஸ்டெபின்ஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பியதும் இந்த வகைதான்: கிளாவர் ஏஸ், ஹார்ட் 4, ஸ்பேட் 7, டைமண்ட் 10, கிளாவர் ராஜா, ஹார்ட் 3 என்று மூன்று மூன்றாகக் கூடியும் நான்கு இனங்களும் மாறாத சுற்றில் வந்தும் அது ஓடும். கையில் ஒரு சீட்டு இருந்தால் அடுத்தது தானே தெரிந்துவிடும். 1927இல் லூயி நிகோலா கணக்கு இழை எதுவும் இல்லாத ஓர் அடுக்கை வெளியிட்டார். எண்களைச் சொற்களாக்கி மனத்தில் ஏற்றும் முறை அதற்குத் துணையாக நின்றது. சிக்காகோ வழக்கறிஞர் சைமன் ஆரன்சன், ஸ்பெயினின் ஹுவான் தமரிஸ் ஆகியோரின் அடுக்குகள் இன்று உலகெங்கும் பயிலப்படுகின்றன. இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு சீட்டு அடுத்ததைப் பிறப்பிக்கும் சங்கிலி ஒரு வகை. ஒவ்வொரு இடமும் தனித்தனியே முளையடித்து நிறுத்தப்பட்டது மற்றொரு வகை. இந்தப் பிரிவு கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இனி குன்னத்துக்கு வருவோம். இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடமாக இருக்கும் இவ்வூர் 1860களில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழ்க் கல்வி வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டென்றால் அது உ.வே. சாமிநாதையரின் இளமைக்காலத்தால் வந்தது. 1855இல் பிறந்த அவருடைய குடும்பம் பிழைப்பைத் தேடி அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் ஜமீன் ஆதரித்த கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர்; ஊர் ஊராக இராமாயணக் கதை சொல்லிக் குடும்பத்தைக் காத்தார். மகன் அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் கேட்டார். 1940இல் தொடங்கி ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் சரித்திரம்’ இந்த ஊர்களின் கல்வி வாழ்வுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிக விரிவான சாட்சி. அச்சுப் புத்தகம் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலம் அது. ஏட்டுச் சுவடி ஒருவரிடம் இருந்தால் மற்றவர் அதைக் கேட்டு வாங்கிப் பிரதி செய்ய வேண்டும். இந்தச் சூழ்நிலையில் நூல் உண்மையில் தங்கியிருந்த இடம் மனிதர்களின் வாய்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் முதற்பாடத்திலிருந்தே வரிசையும் குறியும் வேலை செய்தன. மணலில் எழுத்தைத் தீட்டிக்கொண்டே வாயாலும் சொல்வது முதற்படி. கணக்கில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பாடம் ஏறும். பொன்னிலக்கத்தில் முந்திரி என்பது 320இல் ஒன்று; அது இரட்டித்தால் அரைக்காணி; அதுவும் இரட்டித்தால் காணி. நெல்லிலக்கத்தில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி. முந்தியதிலிருந்து பிந்தியது பிறக்கும் இந்த அமைப்பு, மூன்று கூட்டினால் அடுத்த சீட்டு வரும் அமைப்புக்கு நேர் உறவு. ஆனால் களத்துமேட்டில் நெல் அளப்பவருக்கு வரிசையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வர நேரமில்லை. எட்டு முக்கால் எவ்வளவு என்று கேட்டால் அது மட்டும், உடனே, வர வேண்டும். ஆகவே சங்கிலியாகக் கற்றது நாளடைவில் தனித்தனி முளைகளாக மாற வேண்டியிருந்தது. மாலையில் வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பூவின் பெயர், ஊரின் பெயர் என்று ஒவ்வொருவருக்கு ஒரு பெயர் சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் அதைத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் திண்ணைப் பள்ளிகளில் இருந்தது. அந்தப் பெயர்களில் கற்க வேண்டிய பொருள் ஏதும் இல்லை. ஒன்றை வாங்கி, ஓர் இரவு முழுதும் வைத்திருந்து, சிதையாமல் ஒப்படைக்கும் பழக்கத்துக்கே அது பயிற்சி.

இலக்கியத்துக்கு ஏறினால் அந்தாதி எதிர்ப்படுகிறது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும். கடைசிப் பாட்டின் முடிவு முதற்பாட்டின் தொடக்கத்தோடு போய்ச் சேர்ந்து மண்டலமாகும். காரைக்காலம்மையாரின் 101 வெண்பா கொண்ட அற்புதத் திருவந்தாதி முதற்கொண்டு தமிழ் இந்த வடிவத்தை விடாமல் போற்றிவந்திருக்கிறது. இதை வெறும் சொல்லலங்காரம் என்று ஒதுக்குவது அதன் வேலையைக் காணாமல் விடுவதாகும். சீட்டுக்கட்டைச் சாதாரணமாக எத்தனை முறை வெட்டி மேல்கீழாக வைத்தாலும் சுற்று வரிசை குலைவதில்லை. எந்தச் சீட்டு மேலே வந்தாலும் அதிலிருந்து வட்டம் முழுவதையும் சொல்லிவிடலாம். மண்டலித்த அந்தாதியும் அப்படியே. எந்தப் பாட்டில் தொடங்கினாலும் நூல் முழுவதும் வந்துவிடும். ஓலைச்சுவடி என்பது நூல்கயிற்றில் கோத்த தனித்தனி ஏடுகள். கயிறு அறுந்து ஏடுகள் சிதறினால் அந்தாதி தன்னைத் தானே மீண்டும் அடுக்கிக்கொள்ளும். ஒரு பாட்டு விழுந்துபோனால் விழுந்த இடமும் தெரிந்துவிடும். 1871இல் சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது தொடக்கத்தில் கேட்ட பாடங்கள் திருக்குடந்தைத் திரிபந்தாதி போன்ற அந்தாதிகள்தாம். சொல் நயத்துக்காக மட்டும் அவை முதலில் வைக்கப்பட்டன என்று நான் கருதவில்லை. எளிதில் தொலையாத நூலிலிருந்து தொடங்கி மாணவனின் மனத்தைப் பழக்குவது நல்லாசிரியன் இயல்பு.

வரிசைக்கு அந்தாதி சான்று என்றால், குறிக்கு யாப்பிலக்கணம் சான்று. செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் கற்பித்தது அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை. அங்கே ஈரசைச் சீர்களுக்கு வாய்பாடாக வருபவை தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். தேமா என்பதை அசை பிரித்தால் நேர் நேர்; புளிமாவைப் பிரித்தால் நிரை நேர்; கருவிளம் நிரை நிரை; கூவிளம் நேர் நிரை. அதாவது ஒவ்வொரு பெயரும் தான் குறிக்கும் வடிவத்தைத் தன் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. பெயர் நினைவிருந்தால் இலக்கணத்தைத் தனியே நினைக்க வேண்டியதில்லை. காரிகையில் இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. முதல்நினைப்பு என்று அதில் சில பாட்டுகள் வருகின்றன. நூலின் பாட்டுகளும் உதாரணச் செய்யுள்களும் எந்தச் சொல்லில் தொடங்குகின்றனவோ அந்த முதற்சொற்களை வரிசையாகக் கோத்த பாட்டுகள் அவை. அவற்றில் வேறு கருத்து எதுவும் கிடையாது. அடுத்து வரவேண்டிய பாட்டு எது என்று சொல்வதே அவற்றின் ஒரே பணி. ஒரு நூலுக்குள்ளேயே அந்த நூலை நினைவுகூர்வதற்கான அடுக்கையும் செய்துவைத்த பிறகு, மனப்பாடத்தை வெறும் உழைப்பு என்று எப்படிச் சொல்வது? அது திட்டமிட்ட பொறியியல்.

வடமொழி யாப்பு கற்றவர்களிடம் இதற்கு ஓர் இணை இருந்தது. யமாதாராஜபானஸலகம் என்ற பத்தெழுத்துத் தொடரில் அடுத்தடுத்த மூன்று எழுத்துகளை எங்கே எடுத்தாலும், குறிலும் நெடிலும் மூன்றாகக் கூடும் எட்டு வகைகளும் ஒவ்வொன்று ஒருமுறை வந்துவிடும். முதல் மூன்றெழுத்து ய-கணம், அடுத்தது மா-வில் தொடங்கும் ம-கணம் என்று பெயரும் வடிவமும் ஒன்றாகவே இருக்கும். பெர்சி டயகோனிஸும் ரான் கிரஹாமும் 2011இல் வெளியிட்ட வித்தைக் கணித நூலில் விளக்கும் ஒரு சீட்டு வித்தை இதே அமைப்பின் மேல் நிற்கிறது. 32 சீட்டுகள் ஓர் அடுக்கில் இருக்கும். கட்டை வெட்டியபின் ஐந்து பேர் அடுத்தடுத்த ஐந்து சீட்டுகளை எடுப்பார்கள். சிவப்புச் சீட்டு வைத்திருப்பவர்கள் எழுந்து நின்றால் போதும். யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற வடிவமே அது எந்த இடம் என்று சொல்லிவிடும். சிவப்பும் கறுப்பும் செய்யும் வேலையைக் குறிலும் நெடிலும் அதற்கு எத்தனையோ காலம் முன்பே செய்துகொண்டிருந்தன.

வேங்கடசுப்பையரின் தொழிலான சங்கீதத்திலோ குறியும் வரிசையும் ஒன்றாகவே கலந்துவிட்டன. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்து வேங்கடமகி 72 மேளங்களை ஒழுங்கான வரிசையில் வகுத்தார். பிற்காலத்தில் மேளப் பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகள் கடபயாதி முறையில் வரிசை எண்ணைத் தரும்படி அமைக்கப்பட்டன. மெய்யெழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, பின்னிருந்து முன்னாகப் படிப்பது அந்த முறை. மாயாமாளவகௌளையில் ம 5, ய 1, திருப்பினால் 15. தீரசங்கராபரணம் 29. மேசகல்யாணி 65. எண் தெரிந்தால் சுரங்கள் தெரியும், ஏனென்றால் வரிசையே சுரங்களின் மாற்றத்தால் அமைந்தது. முதல் 36 மேளங்களில் சுத்த மத்தியமம், அடுத்த 36இல் பிரதி மத்தியமம். ஆகவே 29உடன் 36ஐக் கூட்டினால் 65; சங்கராபரணத்தில் மத்தியமத்தை மட்டும் மாற்றினால் கல்யாணி. தன் முதுகில் குறி தாங்கிய 72 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றை ஒருவர் செய்ய விரும்பினால் இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது.

பஞ்சாங்கக் கணிதத்தில் இந்தக் கலை எட்டிய உயரத்துக்கு அயலார் ஒருவரின் பதிவே சான்றாக இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரனின் இருப்பைச் சொல்ல 248 நாளுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. வரருசியின் பெயரால் வழங்கும் இவற்றில் ஒவ்வொரு வாக்கியமும் கடபயாதி முறையில் ஓர் அளவை மறைத்து வைத்திருக்கிறது. நாளின் எண்ணைச் சொன்னால் வாக்கியம் வரும்; வாக்கியத்தைப் பிரித்தால் அளவு வரும். 1825இல் சென்னையில் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் தான் சந்தித்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதியபோது இந்தப் பதிவுக்குப் பெரிய மதிப்புக் கொடுத்தார். ஏடும் எழுத்தாணியும் இல்லாமல் ஒரு மனிதரின் தலைக்குள் முழு அட்டவணையே தங்கி வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆதாரம் வேண்டியதில்லை.

இங்கே ஒரு தடை எழும். ஒற்றுமை தெரிகிறது என்பதற்காக உறவு இருந்தது என்று ஆகுமா? வெனிஸ் நகரத்துச் சீட்டு வித்தைக்கும் செங்கணத்துக் காரிகைப் பாடத்துக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் இருந்ததா? இருந்தது என்று நான் சொல்லவில்லை. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. ஒரே நெருக்கடி இரண்டு இடத்திலும் ஒரே விடையைப் பிறப்பித்தது என்பதே என் முடிவு. அவையின் முன் நிற்கும் வித்தைக்காரர் குறிப்புத்தாளைப் பார்க்க முடியாது. அவையின் முன் நிற்கும் புலவரும் கதை சொல்பவரும் சுவடியைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. இருவருக்கும் சுமை பெரிது. கேட்டவுடன் கொடுக்க வேண்டும். தவறினால் மானம் போகும். அப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் சங்கிலியையும் முளையையும் குறியையும் கண்டுபிடித்தே தீருவார்கள். எண்ணை எழுத்தாக்கும் முறை 7ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் வழங்கியது. ஐரோப்பாவில் அதையொத்த முறை 17ஆம் நூற்றாண்டில் தோன்றி, நிகோலாவின் சீட்டு அடுக்கு வரை வந்தது. தனித்தனியே தோன்றியவை இவ்வளவு நெருங்கி நிற்பதுதான், மனித நினைவு எந்தக் கருவிகளுக்கு இணங்கும் என்பதைக் காட்டும் சான்று.

இரண்டாவது தடை கனமானது. இவ்வளவு உருப்போட்டும் பொருள் தெரிந்ததா? 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சாமிநாதையரிடம் என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். அவர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கினார். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். மனப்பாடக் கல்வி தமிழின் மூத்த நூல்களைக் கைவிட்டிருந்தது என்பதற்கு இந்தச் சந்திப்பு மறுக்க முடியாத சான்று. அந்தக் குறையை நான் மூடி மறைக்கப் போவதில்லை. எது மனத்தில் ஏற்றப்படுகிறது என்று தேர்ந்தெடுப்பது மனப்பாடத்தின் வேலை இல்லை. அதற்கு வேறொரு விழிப்பு வேண்டும், அந்த விழிப்பு அன்று இல்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். சாமிநாதையர் பதிப்பிக்க எடுத்துக்கொண்ட சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், தம் உரையில் பல நூல்களிலிருந்து அடிகளை எடுத்தாள்கிறார்; பல இடங்களில் நூலின் பெயரைச் சொல்வதில்லை. அகராதியும் அடைவும் இல்லாத காலத்தில் ஓர் அடியைக் கண்டவுடன் அது இன்ன நூலில் இன்ன இடத்தில் உள்ளது என்று பிடிப்பதற்குச் சீட்டிலிருந்து எண்ணுக்குப் பாயும் அதே இருவழி நினைவு வேண்டும். 1887இல் சிந்தாமணியும் 1889இல் பத்துப்பாட்டும் 1894இல் புறநானூறும் பதிப்பாகி வந்ததில் அந்தப் பயிற்சிக்குப் பங்கு உண்டு. அரியலூரிலும் குன்னத்திலும் செங்கணத்திலும் ஏற்றிய சரக்கு பெரும்பாலும் பயன்படாமல் போயிருக்கலாம். ஏற்றும் திறன் வீண்போகவில்லை. பிற்காலத்தில் அவர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதியும் மேற்கோள் அகராதியும் சேர்த்தது, தம் தலைக்குள் இருந்த அடைவைத் தாளில் இறக்கி மற்றவர்களுக்குக் கொடுத்த செயல்.

மூன்றாவது தடை குறியைப் பற்றியது. குறி வைத்த சீட்டு ஏமாற்று அல்லவா? அதைக் கல்விக்கு ஒப்பிடுவது தகுமா? பணம் வைத்து ஆடும் இடத்தில் குறி வைத்த கட்டை நுழைப்பது திருட்டு; இதில் இரண்டாவது பேச்சு இல்லை. அங்கே எதிரே உட்கார்ந்தவர் எல்லோருக்கும் கட்டு ஒன்றுதான் என்று நம்பிப் பணம் வைக்கிறார். வித்தை மேடையிலோ வியப்பதற்காகவே மக்கள் வருகிறார்கள். அங்கே குறி ஒரு கருவி. ஆட்டத்திலும்கூட நினைவை நம் சட்டம் ஏமாற்றாகக் கருதவில்லை. ரம்மி திறமையாட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கொன்றில் தீர்ப்பளித்தபோது காட்டிய காரணங்களில் ஒன்று, விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது என்பது. குறி இருக்கும்போது நினைவு எதற்கு என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. குறி தன்னைத் தாங்கிய ஒரு சீட்டை மட்டுமே சொல்லும். அடுத்ததை வரிசை அறிந்தவர்தான் சொல்ல முடியும். தேமா என்ற சொல் நேர் நேர் என்று காட்டும்; வெண்பாவில் அதன் பின் எந்தச் சீர் வரலாம் என்பதைக் கற்றவர்தான் அறிவார். குறி நினைவுக்கு மாற்று ஆகாது. நினைவு வழுக்கும் இடத்தில் அது கைப்பிடி.

நினைவு பிறவி வரம் என்பவர்கள் அவதானிகள் எனப்படும் கவனகக் கலைஞர்களைச் சுட்டுவார்கள். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாஞ்சில் நாட்டு இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே அமர்வில் கேள்விக்கு விடை, பாட்டு, கணக்கு என்று நூறு பொருளில் கவனம் செலுத்தி எல்லாவற்றையும் மீட்டுச் சொல்வது அது. அவதானிகள் சதுரங்கமும் சொக்கட்டானும் ஆடுவார்கள். முதுகில் விழும் கற்களையும் இடையிடையே ஒலிக்கும் மணியையும் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். இதில் இயற்கை அறிவுக்கு இடமே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அவதானத்தில் கேட்கப்படும் பொருள்களின் வகை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மனத்தில் ஓர் இடம் தயாராக இருந்தது. பாட்டு கேட்டால் யாப்பின் வாய்பாடு உதவும். தேதிக்குக் கிழமை கேட்டால் கணக்கு உதவும். இந்தக் கலை ஆசிரியர் வழியாகவும் குடும்ப வழியாகவும் கைமாறி வந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. கண்பார்வை இழந்த பதின் கவனகர் திருக்குறள் இராமையாவின் மகன் கனகசுப்புரத்தினம் பதினாறு கவனகராக வளர்ந்ததை வரம் என்று மட்டும் விளக்கிவிட முடியாது. கற்பிக்க முடிகிற ஒன்றுதான் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும்.

இன்னொரு தடையை நானே எழுப்பியாக வேண்டும். இந்தக் கல்வி யாருக்குக் கிடைத்தது? பெண் பிள்ளைகளில் மிகச் சிலரே திண்ணைப் பள்ளிக்குப் போனார்கள்; ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கதவு மூடியே இருந்தது. அந்த அநீதியைப் புறந்தள்ளிவிட்டுத் திண்ணையைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் நினைவுக் கலை திண்ணைக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை என்பதும் உண்மை. விடிய விடியத் தெருக்கூத்து ஆடியவர்களும், சாவு வீட்டில் ஒப்பாரி கட்டிப் பாடிய பெண்களும், வில்லுப்பாட்டுக்காரர்களும், எழுத்தறியாமலே ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்கினார்கள். அவர்களிடமும் மெட்டு, எதுகை, திரும்பி வரும் அடி என்று குறிகள் இருந்தன. சொல்லப்போனால், ஏட்டின் துணை சிறிதும் இல்லாத அவர்களே இந்தக் கருவிகளை அதிகம் நம்பியிருந்தார்கள். பள்ளிக் கதவு மூடப்பட்டதால் இழந்தது பட்டமும் பதவியும் நிலக்கணக்கும். நினைவின் திறன் எல்லாக் குடிகளிலும் இருந்தது. நம் கல்வி வரலாறு அவர்களுடைய கருவிகளையும் இதே அக்கறையோடு எழுதினால்தான் முழுமையாகும்.

இந்த வரலாறு இன்று ஏன் முக்கியம் என்றால், நம் பள்ளிகள் மனப்பாடத்தை விட்டுவிடவில்லை. அதன் கருவிகளை மட்டுமே விட்டுவிட்டன. 10ஆம் வகுப்பு மாணவி இன்றும் வினாவிடைகளை உருப்போடுகிறாள். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கும் வரிசையோ, பெயரிலேயே பொருளைத் தாங்கும் குறியோ, முதல்நினைப்போ அவளுக்குத் தரப்படுவதில்லை. அந்தாதி அவளுக்கு ஒரு சிற்றிலக்கிய வகையின் பெயர்; தேமா புளிமா மதிப்பெண்ணுக்கான இரண்டு சொற்கள். அவை எந்த வேலைக்காகச் செய்யப்பட்டன என்று யாரும் சொல்வதில்லை. பிறகு மனப்பாடம் மூளையை மழுக்குகிறது என்று குறைப்படுகிறோம். கருவி இல்லாமல் சுமந்தால் எந்தச் சுமையும் அப்படித்தான் அழுத்தும். ஒரு சீட்டுக்கட்டை மனத்தில் ஏற்றக் கற்கும் இளைஞர் இந்தப் பள்ளி மாணவியைவிட ஒரு வகையில் பேறு பெற்றவர்: எந்த வரிசை, எந்தக் குறி, ஏன் என்று அவருக்கு முதல் நாளே சொல்லப்படுகிறது. காரிகையின் முதல்நினைப்புப் பாட்டை அது என்ன செய்கிறது என்ற விளக்கத்தோடு ஒரு வகுப்பில் கற்பிக்கலாம். 72 மேளங்களின் எண் கணக்கைக் கணித ஆசிரியர் எடுத்துக்காட்டாக்கலாம். நெல்லிலக்கத்தை இரட்டிப்புத் தொடராகக் காட்டலாம். குன்னம் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு இதைத் தொடங்கிவைக்க மற்ற எவரையும்விடக் கூடுதல் உரிமை இருக்கிறது. ஊர் ஊராக அலைந்த ஓர் ஏழைச் சிறுவன் தமிழின் மூத்த நூல்களை மீட்பதற்கு வேண்டிய பயிற்சியின் முதற்பகுதியைப் பெற்றது அந்த மண்ணில்தான்.